குரங்கணிக் குளிரும் ரத்தக் குழாயின் கோபமும்

மதுரையிலிருந்து ஒரு குடும்பம் மலை பார்க்கப் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள், அறுபத்தெட்டு வயதுப் பாட்டி. போடிநாயக்கனூரில் காப்பி சாப்பிட்டாயிற்று. அங்கிருந்து போடி மெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். மூணாற்றில் இரவு தங்கி, மறுநாள் விடியற்காலை டாப் ஸ்டேஷன் போய்ச் சேருகிறார்கள். எட்டிப் பார்த்தால் கீழே பஞ்சுப் பொதி மாதிரி மேகம். மேகம் விலகினால் பாதாளத்தில் குரங்கணிப் பள்ளத்தாக்கு. கண் கொள்ளாக் காட்சி!

எல்லாம் சரி, கம்பளிச் சட்டைகள் எங்கே? அவை பெட்டியின் அடியில், புடவைகளுக்குக் கீழே, வெகு பத்திரமாக இருக்கின்றன!

அம்மாவின் விரல் நுனிகள் வெளுத்துப் போகின்றன. பாட்டிக்குத் தலை கனக்கிறது, நெஞ்சு படபடக்கிறது. அந்த நேரம் பார்த்து எதிரே ஓர் அம்மாள் வருகிறார். தலையில் ஒரு துண்டு, தோளில் பழைய சால்வை, காலில் ரப்பர் செருப்பு. தேயிலை கிள்ளப் போகிறார். பனியில் நனைந்த செடிகளுக்குள் கைகளை விட்டு, ஏதோ சொந்தத் தோட்டத்தில் மல்லிகை பறிப்பது போல வேலையை ஆரம்பித்துவிடுகிறார்.

பாட்டி பார்க்கிறாள். பற்கள் தந்தியடிக்கும் நிலையிலும் ஒரு தீர்ப்புச் சொல்லிவிடுகிறாள்: "அவளுக்கு என்னடி, பழகிப்போச்சு!"

இந்த வாரம் நாம் பேசப்போவது இந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான். 'பழகிப்போச்சு' என்று நாம் நாளைக்குப் பத்துத் தடவை சொல்லுகிறோமே, பழகும்போது உடம்புக்குள் என்னதான் நடக்கிறது? தோல் தடித்துவிடுகிறதா? மனத் தைரியமா? விஞ்ஞானிகள் நாயையும் எலியையும் சுண்டெலியையும் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். அவை சொன்ன பதில் நம் வீட்டுச் சமையலறை வரைக்கும் வருகிறது.

மேலே ஒன்று, கீழே ஒன்று

முதலில் ஊரைத் தெரிந்துகொள்வோம். தேனி மாவட்டத்தில், போடிநாயக்கனூரிலிருந்து சுமார் 16 கிலோ மீட்டரில், மலையின் மடியில் ஒட்டிக்கொண்டிருக்கிற சிற்றூர் குரங்கணி. ஒரு காலத்தில் மூணாற்றுத் தேயிலை வெளியுலகுக்கு வந்த வழியே இதுதான். 1908-ல் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குச் சின்ன ரயில் ஓடியது. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டே இந்த அடிவாரத்துக்கு இறங்கின. பிறகு மாட்டு வண்டியில் போடிக்கு. 1924-ல் வந்த பெருவெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. 'டாப் ஸ்டேஷன்' என்ற பெயர் மட்டும் மலை உச்சியில் மிஞ்சி நிற்கிறது.

இன்றைக்கும் குரங்கணியிலிருந்து மேலே ஏறும் ஒற்றையடிப் பாதைகள் உண்டு. ஒன்று டாப் ஸ்டேஷனுக்குப் போகும். இன்னொன்று கொழுக்குமலைக்குப் போகும். கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் கடல் மட்டத்துக்கு 2,100 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. பொதுவாக, மலையில் ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். ஆகவே, போடியில் விசிறியைத் தேடுகிற அதே வேளையில் டாப் ஸ்டேஷனில் போர்வையைத் தேட வேண்டியிருக்கும். மூணாற்றுப் பக்கம் சில ஜனவரி இரவுகளில் புல்லின் மேல் உறைபனியே படிந்துவிடுகிறது.

இந்த ஏற்றத்தை வேடிக்கை பார்க்க ஏறுகிறவர்கள் நாம். வயிற்றுப் பிழைப்புக்கு ஏறுகிறவர்கள் வேறு. போடியிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் பெண்கள் விடிவதற்கு முன்பே ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு ஏலத்தோட்டங்களுக்கு மலையேறுகிறார்கள், சாயங்காலம் இறங்குகிறார்கள். நம் வீட்டுப் பாயசத்தில் மணக்கிற ஏலக்காயில் அவர்கள் கை பட்டிருக்கிறது.

குழாயை மூடும் தூதன்

உங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. சித்திரை மாதம். தண்ணீர் பாதிதான் ஏறியிருக்கிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்? தோட்டத்துக் குழாயை மூடுவீர்கள். வாசல் குழாயை மூடுவீர்கள். சமையலறைக் குழாயை மட்டும் விட்டுவைப்பீர்கள், அல்லவா?

குளிர் வந்ததும் நம் உடம்பும் இதையேதான் செய்கிறது. ஒரே வித்தியாசம், அது சேமிப்பது தண்ணீரை அல்ல, சூட்டை. விரல், மூக்கு, காது, பாதம் எல்லாம் தோட்டத்துக் குழாய்கள். இருதயம், மூளை, ஈரல் எல்லாம் சமையலறை. தோலுக்கு ஓடும் சின்னஞ்சிறு ரத்தக் குழாய்களின் சுவரில் மெல்லிய தசை வளையம் போல் சுற்றியிருக்கிறது. அது இறுகினால் குழாய் சுருங்கும், ரத்தம் உள்ளே திரும்பும், விரல் வெளுக்கும். விரல் வெளுப்பது நோயல்ல, வீட்டுக்காரியின் சிக்கனம்!

'மூடு' என்று உத்தரவு கொண்டு வருகிற தூதன் யார்? இரண்டு பேர். ஒருவர் பெயர் அட்ரினலின். மற்றவர் அவருடைய தம்பி மாதிரி, நார்அட்ரினலின். சிறுநீரகத்தின் தலையில் குல்லாய் போல உட்கார்ந்திருக்கும் சுரப்பி முக்கியமாக அண்ணனை ரத்தத்தில் அனுப்புகிறது. நரம்பின் நுனியோ தம்பியை நேரே குழாயின் சுவரிலேயே தெளிக்கிறது.

இவர்களைக் கண்டுபிடித்த கதை சுவையானது. 1894-ல் இங்கிலாந்தில், ஜார்ஜ் ஆலிவர் என்ற டாக்டரும் எட்வர்ட் ஷேஃபர் என்ற பேராசிரியரும் அந்தச் சுரப்பியின் சாற்றை நாய்க்குச் செலுத்திப் பார்த்தார்கள். ரத்த அழுத்தம் ஜிவ்வென்று மேலே ஏறியது. ஒரு துளிச் சாற்றுக்கு இவ்வளவு சக்தியா என்று திகைத்தார்கள். 1901 வாக்கில் ஜப்பானிய ரசாயன நிபுணர் ஜோகிச்சி தகமினே அந்தச் சாற்றிலிருந்து அட்ரினலினைச் சுத்தமாகப் பிரித்துவிட்டார். நரம்பு நுனியின் தூதன் நார்அட்ரினலின்தான் என்று 1946-ல் கண்டு சொன்னவர் சுவீடன் தேசத்து உல்ஃப் வான் ஆய்லர். அவருக்கு 1970-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். இந்தத் தூதர்கள் குளிருக்கு மட்டும் வருகிறவர்கள் அல்ல. கோபம் வந்தாலும் இவர்கள்தான். பயம் வந்தாலும் இவர்கள்தான். பஸ்ஸைப் பிடிக்க ஓடினாலும், பரீட்சை முடிவு வந்தாலும், மாமியாரும் மருமகளும் காலையில் சமையலறையில் நாலு வார்த்தை பேசிக்கொண்டாலும் இவர்கள்தான்! ஆகவே குளிரும் கோபமும் சேர்ந்து வந்தால், மூடச் சொல்லும் உத்தரவு இரட்டிப்பாக வருகிறது.

தூதன் ஒருவனாக இருந்தாலும், போய்த் தட்டும் கதவைப் பொறுத்து வேலை மாறும் என்று 1948-ல் சொன்னவர் அமெரிக்காவின் ரேமண்ட் ஆல்க்விஸ்ட். 'ஆல்பா' என்ற கதவைத் தட்டினால் குழாய் சுருங்கும். 'பீட்டா' என்ற கதவைத் தட்டினால் இருதயம் வேகமாக அடிக்கும். சில இடங்களில் குழாய் விரியும். ஒரே மாமா ஒரு வீட்டில் கண்டிப்பானவர், இன்னொரு வீட்டில் செல்லம் கொடுப்பவர் என்கிறோமே, அதைப் போல.

சுண்டெலி வாலில் ஒரு ரகசியம்

சுண்டெலியின் வால் அதற்கு விசிறியும் அதுதான், கம்பளியும் அதுதான். வெயிலில் வாலுக்கு ரத்தத்தை விட்டு சூட்டை வெளியேற்றும், குளிரில் நிறுத்திவிடும். எனவே குளிரில் குழாய் படும் பாட்டை ஆராய அந்த வாலைவிட நல்ல இடம் கிடையாது.

2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஃப்ளவஹான் என்பவரின் குழு அந்த வாலின் ரத்தக் குழாயை எடுத்து ஆராய்ந்தது. உடம்பின் சாதாரண வெப்பமான 37 டிகிரியில் ஒருவகை ஆல்பா கதவு வேலையே செய்யாமல் சும்மா கிடந்தது. 28 டிகிரிக்குக் குளிர்வித்ததும், அதே கதவு விழித்துக்கொண்டது! தூதனுக்குக் குழாய் முன்னைவிட அதிகமாகச் செவிசாய்த்து இறுகியது. அது எப்படி என்பது மறு வருஷம் தெரிந்தது. சூடாக இருக்கும்போது அந்தக் கதவுகள் உயிரணுவின் உள்ளறையில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. குளிர்ந்ததும் வாசலுக்கு வந்து நிற்கின்றன.

இதிலிருந்து என்ன தெரிகிறது? டாப் ஸ்டேஷனில் மதுரை அம்மாவின் விரல் வெளுத்ததற்குக் காரணம் தூதர்கள் அதிகம் வந்தது மட்டும் அல்ல. வந்தவர்களை வரவேற்கக் கதவுகளும் அதிகமாகத் திறந்து நின்றன. புதுக் குளிரில் உடம்பு இப்படித்தான்: சின்னச் சொல்லுக்கும் பெரிய கோபம்.

ஒரு மாதம் போகட்டும்

இது முதல் நாள் கதை. ஒரு மாதம் குளிரிலேயே இருந்தால்?

1957-ல் ஷியே, கார்ல்ஸன் என்ற இரு விஞ்ஞானிகள் இரண்டு வகை எலிகளை ஒப்பிட்டார்கள். ஒன்று, கதகதப்பான அறையில் வளர்ந்தது. மற்றது, வாரக் கணக்கில் குளிர் அறையில் இருந்து பழகியது. இரண்டுக்கும் நார்அட்ரினலின் செலுத்தினார்கள். சூட்டில் வளர்ந்த எலியின் உடம்பில் எரியும் வேகம் கொஞ்சமாகத்தான் ஏறியது. குளிரில் பழகிய எலியிலோ அடுப்பை ஊதிவிட்டது போல் குபீரென்று ஏறியது!

குளிருக்குப் புதிய எலி நடுங்குகிறது. நடுக்கம் என்பது தசைகள் படபடவென்று சுருங்கிச் சூடு உண்டாக்கும் அவசர வேலை. பழகிய எலி அவ்வளவாக நடுங்குவதில்லை. அதற்குப் பதிலாக, உள்ளே ஒரு தனி அடுப்பை மூட்டிவிடுகிறது. அதற்குப் பழுப்புக் கொழுப்பு என்று பெயர். சாதாரணக் கொழுப்பு சேமிப்பு; இதுவோ செலவு. பிறந்த குழந்தைக்கு முதுகிலும் கழுத்திலும் இது உண்டு. பெரியவர்களுக்கும் கொஞ்சம் வேலை செய்கிறது என்பது 2009-ல் உறுதியாயிற்று.

இப்போது ரத்தக் குழாய்க்கு வருவோம். 1970-களின் கடைசியில் கனடாவின் ஒட்டாவா நகரில் ஃபாஸ்டர், ஃப்ரிட்மன் என்ற இருவர், குளிருக்குப் பழகிய எலிக்கு நார்அட்ரினலின் கொடுத்து, ரத்தம் எங்கே ஓடுகிறது என்று அளந்தார்கள். அந்தப் பழுப்புக் கொழுப்பு எலியின் எடையில் மிகச் சிறிய பங்கு. ஆனால் இருதயம் அனுப்பிய ரத்தத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அங்கே பாய்ந்தது!

பார்த்தீர்களா வேடிக்கையை? அதே தூதன். தோலிலே 'மூடு' என்று சொன்னவன், உள்ளே 'திற' என்று சொல்கிறான். பழக்கம் என்பது தூதனை விரட்டுவது அல்ல. அவன் சொல்லை உடம்பு வேறு விதமாகப் புரிந்துகொள்வது. முதல் நாள் கதவைச் சாத்திக்கொண்டு நடுங்கிய வீடு, ஒரு மாதம் கழித்து அடுப்பை மூட்டிக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறது.

மீனவர் கையும் மூழ்கும் பெண்களும்

"எலிக்குச் சரி, மனுஷருக்கு?" என்று கேட்பீர்கள்.

முதலில் ஒரு சின்னப் பரீட்சை. ஒரு கையைப் பனிக்கட்டித் தண்ணீரில் ஒரு நிமிஷம் வைத்தால் ரத்த அழுத்தம் ஏறும். அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் ஹைன்ஸ், பிரவுன் என்ற டாக்டர்கள் 1932-ல் இதை ஒரு சோதனையாகவே அமைத்தார்கள். கை மட்டும்தான் குளிர்கிறது. ஆனால் தூதர்களோ உடம்பெங்கும் ஓடுகிறார்கள்.

இதே மாதிரிப் பரீட்சையை 1960-ல் கனடாவில் காஸ்பே கடற்கரை மீனவர்களிடம் லெப்ளாங்க் என்ற விஞ்ஞானியும் சகாக்களும் செய்து பார்த்தார்கள். வருஷக்கணக்கில் பனித் தண்ணீரில் வலையும் மீனும் பிடித்த கைகள் அவை. மற்றவர்களைவிட அவர்கள் கையில் சூடு அதிகம் தங்கியது, வலி குறைவு, ரத்த அழுத்தமும் அவ்வளவாக ஏறவில்லை. 1962-ல் இங்கிலாந்தில் குளிர்ந்த மீனை நறுக்கும் தொழிலாளர்களைச் சோதித்தபோதும் அப்படியே: அவர்கள் விரல் குழாய்கள் சுருங்கிய சூட்டோடு சீக்கிரமே மீண்டும் விரிந்து ரத்தத்தை விட்டன.

இந்த 'சுருங்குவது, விரிவது, மறுபடி சுருங்குவது' என்ற விளையாட்டை 1930-லேயே சர் தாமஸ் லூயிஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டர் கவனித்து எழுதியிருந்தார். குளிரில் விரல் செத்துப்போகாமல் காப்பாற்ற உடம்பு அவ்வப்போது கொஞ்சம் ரத்தத்தைத் தானம் செய்கிறது. பழகிய கையில் அந்தத் தானம் தாராளம்.

ஆக, நம் தேயிலைக்கார அம்மாளின் கையைப் பற்றிப் பாட்டி சொன்னதில் பாதி உண்மை உண்டு. பழக்கம் என்பது கற்பனை அல்ல. குழாய்களே பாடம் படிக்கின்றன.

மீதிப் பாதி இருக்கிறதே, அதைச் சொல்லத்தான் இத்தனை நேரம் சுற்றி வந்தேன்.

கொரியா தேசத்தில் கடலில் மூழ்கிச் சிப்பியும் கடற்பாசியும் எடுக்கும் பெண்கள் உண்டு. தலைமுறை தலைமுறையாக அது பெண்களின் தொழில். 1970-களின் பாதி வரைக்கும் வெறும் பருத்தி உடையோடு, குளிர் காலத்தில் 10 டிகிரித் தண்ணீரிலும் மூழ்கினார்கள். 1960-களில் சுக் கி ஹாங் என்ற டாக்டரும் அவருடைய சகாக்களும் இவர்களை ஆராய்ந்தார்கள். குளிர் காலத்தில் அவர்கள் உடம்பு சும்மா இருக்கும்போதே அதிகமாக எரிந்தது. மற்றப் பெண்களைவிட அதிகக் குளிர் பட்ட பிறகே நடுக்கம் எடுத்தது. எல்லாம் சரி. ஆனால் சாப்பாடு? அவ்வூரின் மற்றப் பெண்கள் தினம் சுமார் 2,000 கலோரி சாப்பிட, இவர்கள் சுமார் 3,000 சாப்பிட வேண்டியிருந்தது. அப்படியும் உடம்பில் சதை போடவில்லை. தின்றதைக் கடல் தின்றுவிட்டது!

1977 வாக்கில் ரப்பர் உடை வந்தது. சில வருஷங்களிலேயே அந்தப் பழக்கம் உடம்பை விட்டுப் போய்விட்டது. குளிர் தாங்கும் சக்தி பரம்பரைச் சொத்து அல்ல. மாதா மாதம் கட்டினால்தான் நிலைக்கும் வாடகை வீடு.

பழக்கத்தின் விலை

சாப்பாடு மட்டும்தான் விலையா? இல்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் மெல்வின் ஃபிரெக்லி என்பவர் தம் சகாக்களோடு செய்த சோதனை 1989-ல் வெளியாயிற்று. எலிகளைச் சுமார் 5 டிகிரிக் குளிரில் இராப் பகலாக வைத்திருந்தார்கள். எலிகள் சாகவில்லை, சாப்பிட்டன, பழகிவிட்டன என்றே வெளியில் சொல்லலாம். ஆனால் சில வாரங்களில் அவற்றுக்கு ரத்தக் கொதிப்பு வந்துவிட்டது! இருதயமும் பெருத்தது.

காஸ்பே மீனவருக்கு அழுத்தம் அடங்கியது; ஃபுளோரிடா எலிக்கு ஏறியது. இது என்ன முரண்? யோசித்துப் பாருங்கள். மீனவர் கையைக் குளிரில் நனைத்தார், கரைக்கு வந்தார், கணப்பில் காய்ந்தார், சூடாகச் சாப்பிட்டார். எலிக்கோ கரை கிடையாது. இராப் பகலும் அதே குளிர். தூதர்கள் ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். எலிக்கு நடந்தது அப்படியே மனிதருக்கும் நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் அது காட்டுகிற பாடம் ஒன்று உண்டு: குளிர் பட்டு, திரும்பி வந்து காய இடமும் வயிற்றுக்குச் சோறும் இருந்தால் பழக்கம் லாபம். இல்லாவிட்டால் பழக்கம் கடன். வட்டியை ரத்தக் குழாய் கட்டுகிறது.

ஆகவே மலைக்கு ஏறும் பெண்களை 'பழகியவர்கள்' என்று சொல்லி நாம் நகர்ந்துவிடக் கூடாது. அவர்களுக்கு ஈரம் தங்காத கையுறையும், சாரலில் நனையாத மேலுடையும், வேலைக்கு நடுவே சூடான டீயும், வயிறாரச் சோறும் நம்மைவிட அதிகம் தேவை. நம்மைவிடக் குறைவாக அல்ல.

நம் வீட்டுக் கணக்கு

இனி நம் வீட்டுக்கு வருவோம். குளிர் காலத்தில் எல்லோருக்குமே ரத்த அழுத்தம் சற்று ஏறித்தான் நிற்கும். அதிலும் வயதானவர்களுக்கும், ஏற்கெனவே ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கும் கவனம் வேண்டும்.

மார்கழி விடியலில் பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்வதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பெரியவர்கள் உண்டு. இருபது வயதிலிருந்து விடாமல் செய்கிறவர் சங்கதி வேறு. நடுவில் பத்து வருஷம் வெந்நீரில் குளித்துவிட்டு, இந்த மார்கழியில் திடீரென்று விரதம் ஆரம்பிக்கிறவர் சங்கதி வேறு. ஹைன்ஸ் டாக்டரின் பரீட்சையில் ஒரு கை மட்டும்தான் தண்ணீரில் இருந்தது; இங்கே உடம்பு முழுவதும்! ரத்தக் கொதிப்போ இருதயக் கோளாறோ இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரே போதும். பகவான் வெந்நீரில் குளித்தவரையும் கோவிலுக்குள் விடுவார்.

மலைக்குப் போகும்போது ஸ்வெட்டரைக் குளிர்ந்த பிறகு தேடாதீர்கள். குளிர்வதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். போடியிலேயே பெட்டியின் மேல் பக்கம் எடுத்து வைத்துவிடுங்கள். கை குளிர்கிறது என்றால் கையுறை மட்டும் போதாது. மார்பும் தலையும் கதகதப்பாக இருந்தால்தான் 'சமையலறைக்குச் சூடு போதும்' என்று உடம்பு நினைத்துத் தோட்டத்துக் குழாயைத் திறக்கும். போய் இறங்கிய முதல் விடியற்காலையிலேயே பாட்டியை வேகமாக மேடு ஏறச் சொல்லாதீர்கள். குளிர், ஓட்டம், 'சீக்கிரம் வா' என்ற அதட்டல் மூன்றும் ஒன்றாக வந்தால், மூன்று தூதுகளும் ஒரே இருதயத்தைத்தான் தட்டும். ரத்தக் கொதிப்பு மாத்திரையை 'ஊர் சுற்ற வந்த இடத்தில் என்ன மாத்திரை' என்று நிறுத்திவிடவும் கூடாது. நெஞ்சில் இறுக்கம், ஒரு பக்கத்துக் கையில் வலி, மூச்சுத் திணறல் என்றால் குளிர்தான் காரணம் என்று நீங்களே முடிவு கட்டாமல் உடனே டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

மூக்கடைப்புக்கு நாம் சர்வ சாதாரணமாக வாங்கிப் போடும் சொட்டு மருந்துகள் பல, இதே ஆல்பா கதவைத் தட்டித்தான் மூக்கின் குழாய்களைச் சுருக்குகின்றன. ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் அவற்றைத் தொட வேண்டாம். சிகரெட்டும் குழாய்களைச் சுருக்கும். மலை மேல் குளிருக்கு இதமாகப் புகைக்கிறேன் என்று சொல்லும் அண்ணன்மார்களிடம் இதைச் சொல்லிவையுங்கள்.

சில பெண்களுக்கு, மலை ஏறாமலேயே, குளிர்ந்த பாத்திரத்தைத் தொட்டாலே விரல் வெள்ளையாகி, நீலமாகி, பிறகு சிவந்து எரியும். கவலையோ கோபமோ வந்தாலும் அப்படியே ஆகும். மாரிஸ் ரேனோ என்ற பிரெஞ்சு டாக்டர் 1862-லேயே இதைப் பற்றி எழுதினார். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகம். பெரும்பாலும் ஆபத்தில்லை. ஆனாலும் விரலில் புண் வந்தாலோ, நாற்பது வயதுக்குப் பின் புதிதாகத் தொடங்கினாலோ, டாக்டரிடம் காட்டுவது நல்லது. சில ரத்தக் கொதிப்பு மருந்துகளாலும் கை கால் சில்லிடும். நீங்களாக நிறுத்தாமல், அதையும் அவரிடமே சொல்லுங்கள். வெளுத்த விரலைக் கொதிக்கும் தண்ணீரில் நனைக்க வேண்டாம். அதற்கு அப்போது சூடு தெரியாது, வெந்துபோகும். வெதுவெதுப்பான தண்ணீரோ, சொந்த அக்குளோ போதும்!

கடைசியாக ஒன்று. மார்கழி, தை மாதங்களில் காலை ஆறு மணிக்கு உங்கள் வீட்டுக் கொல்லைக் குழாயடியில் பாத்திரம் தேய்க்கும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். நாலு வீட்டுப் பாத்திரங்கள். நாலு வீட்டுக் குழாய்த் தண்ணீர். நனைந்த கை காய்வதற்குள் அடுத்த வீடு. நடுவில் காயக் கரை கிடையாது. கேட்டால் அவளும் சிரித்துக்கொண்டே சொல்லுவாள், "பழகிப்போச்சும்மா" என்று.

அவளுக்கும் நமக்கும் உடம்பு ஒன்றே, தூதனும் ஒருவனே. அவள் உடம்பு ஒரு பாடத்தைப் படித்திருக்கிறது, அவ்வளவுதான். அதற்குச் சம்பளம் அவள்தான் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

காப்பிக்கு அடுப்பை மூட்டும்போது பக்கத்தில் ஒரு குண்டான் தண்ணீரையும் வைத்துவிடுங்கள். வெந்நீரில் பாத்திரமும் சீக்கிரம் சுத்தமாகும். காப்பி கலக்கும்போது அவளுக்கும் ஒரு டம்ளர், சூடாக.